தலையசைத்தாள்

ஆற்றின் மேல்கரையில் நாச்சியம்மை என்றொரு துறவி இருந்தார். நாற்பது வயதுதான் இருக்கும். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த உலகநாதரோ அறுபதைத் தாண்டியவர். பஞ்சு வியாபாரம் செய்து ஓய்ந்தவர். வந்து ஒரு மழைக்காலம் கழிந்தும் யாரோடும் ஒட்டவில்லை. விறகு உடைப்பார், தண்ணீர் சுமப்பார், தனியே போய் உட்கார்ந்துகொள்வார்.

ஒருநாள் காலை நாச்சியம்மை குடிலின் திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உலகநாதர் வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

“தாயே, ஒன்று கேட்கலாமா?”

நாச்சியம்மை தலையசைத்தார்.

உலகநாதர் ஆற்றைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

“என் மனைவி வடிவாம்பாளுக்குப் பேச்சு குறைவு. எதைக் கேட்டாலும் தலையசைப்பாள், அவ்வளவுதான். கடைசியாக நான் வெளியூர்ச் சந்தைக்குக் கிளம்பியபோது ‘போய் வரட்டுமா?’ என்றேன். தலையசைத்தாள். திரும்பி வந்தபோது ஊரார் அவளை எரித்துச் சாம்பலையும் கரைத்துவிட்டிருந்தார்கள். விஷக் காய்ச்சலாம்.”

உலகநாதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தத் தலையசைப்புக்கு என்ன பொருள், தாயே? போய் வாருங்கள் என்றாளா? போனால் போங்கள் என்றாளா? அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.”

ஓரக்கண்ணில் நாச்சியம்மையின் தலை மெல்ல அசைவது தெரிந்தது. கேட்க ஓர் ஆளாவது கிடைத்ததே என்று உலகநாதருக்கு நெஞ்சு இளகியது. கல்யாணமான புதிதில் நடந்ததையெல்லாம் சொன்னார். பிள்ளை இல்லாமல் போனதைச் சொன்னார்.

“நான் சொல்வது புரிகிறதல்லவா, தாயே?”

தலை அசைந்தது. அப்படியே மார்பில் சரிந்தது.

தூங்கிவிட்டாரா! உலகநாதருக்குச் சுருக்கென்றது. எழுந்து எதிரே போய் நின்றார். நாச்சியம்மையின் உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தயங்கி நெற்றியைத் தொட்டார். கொதித்தது.

“ஐயோ, தாயே! எப்போதிருந்து?”

“நேற்றிலிருந்து.”

கம்பளி கொண்டுவந்து போர்த்தினார். கஞ்சி காய்ச்சினார். காய்ச்சல் இறங்கும்வரை பக்கத்தைவிட்டு அகலவில்லை.

நாச்சியம்மை எழுந்து உட்கார்ந்த அன்று உலகநாதர் மெதுவாகக் கேட்டார்.

“நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லையே.”

நாச்சியம்மை கஞ்சியைக் கீழே வைத்தார்.

“தலையசைத்தபோது உங்கள் மனைவி நின்றிருந்தாரா, படுத்திருந்தாரா?”

உலகநாதர் சொல்ல வாயெடுத்தார். அன்றும் அவர் ஓரக்கண்ணால்தான் பார்த்திருந்தார்.