தபீத்தாள் சிஸ்டரின் அரபிப் பாடங்கள்

"எதுதான் டீச்சர் நல்லது? ஒண்ணச் சொல்லிருங்க."

தபீத்தாள் சிஸ்டர் செல்போனை மேசைமேல் வைத்தாள். அதற்குள் அரபி கற்றுக்கொள்ளும் ஒலிப்பாடங்கள் நிறைந்து கிடந்தன. படம் எடுக்கக்கூட இடமில்லை.

முனவ்வரா டீச்சர் மேலப்பாளையத்தில் பெண்கள் மதரசாவில் அரபி சொல்லித் தருகிறவர். தபீத்தாளைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அதைப் பற்றி இருவருமே கவலைப்படவில்லை.

இது இரண்டாவது வருகை. முதல் தடவையே டீச்சர் பதில் சொல்லிவிட்டார். நீங்கள் ஓமானுக்குப் போகிறீர்கள், அந்தப் பக்கத்துப் பேச்சைச் சொல்லித்தரும் பாடம் ஏதாவது ஒன்றை எடுங்கள், அதைவிட்டு நகராதீர்கள் என்றார்.

தபீத்தாளுக்கு அது போதவில்லை. ஒரு டாக்டர் மருந்து எழுதினால் இன்னொரு டாக்டரிடமும் காட்டாமல் வாங்க மாட்டாள், இத்தனைக்கும் நர்ஸ். வீட்டுக்குப் போய் இருக்கிற பாடம் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டாள்.

இப்போது ஒவ்வொன்றாகக் குறை சொன்னாள். ஒருத்தர் மூக்கால் பேசுகிறார். ஒன்று புத்தக அரபி, வார்டில் போய்ச் செந்தமிழில் வயிற்றுவலி விசாரித்தது போல இருக்குமாம். இன்னொன்றில் இங்கிலீஷ்தான் அதிகம், அரபி ஊறுகாய் அளவுக்கு.

"எல்லாத்துக்கும் பொதுவா ஒரு கோளாறு இருக்கு டீச்சர். கேள்வியும் அவங்களே கேக்காங்க, பதிலும் அவங்களே சொல்லுதாங்க. நான் எதுக்கு நடுவுல?"

டீச்சர் சிரித்தார். பிறகு, இந்த வயதில் ஏன் இத்தனை பாடு என்று கேட்டார். அங்கே மலையாளத்திலும் இந்தியிலும் சமாளிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டே என்றார்.

தபீத்தாள் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்.

ஓமானில் ஓர் ஆஸ்பத்திரியில் முன்பு வேலை பார்த்தாள். பாஷை தெரியாத நர்ஸுகளுக்கு அங்கே ஒரு பழக்கம் இருந்தது. நோயாளி எதைக் கேட்டாலும் சிரித்த முகத்தோடு "ஐவா" என்பார்கள். ஆமாம் என்று அர்த்தம். பெரும்பாலும் தண்ணீராக இருக்கும், இல்லாவிட்டால் தலையணை. இரண்டையும் கொடுத்துப் பார்த்தால் சரியாகிவிடும்.

ஒருநாள் காலையில், பிழைக்க மாட்டார் என்று டாக்டர் கைவிட்ட ஒரு கிழவியம்மா, இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஜா வலதீ?"

தபீத்தாள் "ஐவா" என்றாள்.

அந்த அம்மா வாசலைப் பார்த்தார். மறுபடி கேட்டார். இவள் மறுபடி "ஐவா" என்றாள். மறுபடியும் வாசலைப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை. தலையணையை மாற்றினாள், அதையும் கவனிக்கவில்லை. மதியத்துக்குள் உயிர் போய்விட்டது.

சூடான் நாட்டு நர்ஸ் ஒருத்திதான் பிறகு அர்த்தம் சொன்னாள். என் மகன் வந்துவிட்டானா?

வரவில்லை. அவன் வந்து சேர்ந்தது மறுநாள்.

"இப்ப திரும்பக் கூப்பிட்டிருக்காங்க டீச்சர். வேற வார்டு தாரோம்னாங்க. அதே வார்டுதான் வேணும்னு கேட்டு வாங்கியிருக்கேன். இந்தத் தடவ புரியாம ஒருத்தருக்கும் ஐவா சொல்ல மாட்டேன்."

அழவில்லை. கண்டிப்பான குரலில்தான் சொன்னாள். ஊசி போட வேண்டாம் என்று அடம்பிடிக்கும் நோயாளியிடம் அப்படித்தான் பேசுவாள்.

டீச்சர் செல்போனை அவள் பக்கம் தள்ளி, ஏதாவது ஒன்றைப் போடச் சொன்னார்.

தபீத்தாள் போட்டாள். ஒரு பெண்குரல், எப்படி இருக்கிறீர்கள் என்று அரபியில் கேட்டது. கேட்ட வாய் மூடவில்லை, நலமாக இருக்கிறேன் என்று அதுவே சொன்னது. உன் பேர் என்ன? என் பேர் சல்மா. எங்கிருந்து வருகிறாய்? எங்கேயோ இருந்து வருகிறேன். மூச்சு விடாமல் ஓடியது.

டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். செல்போனை எடுத்து எதையெதையோ தட்டினார். கடைசியில் ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தார். பேச்சுக்கு நடுவே சத்தமில்லாமல் இருக்கும் இடங்களைத் தானாக வெட்டிவிடுகிற வசதி அது.

"இதை யாரு போட்டது?"

"நாந்தான். டூட்டிக்கு நடுவுல கேக்கணும்லா? பாதிப் பாடம் சும்மா கெடக்கு டீச்சர். ஒரு சத்தமும் இல்ல. அம்புட்டும் வீண்."

டீச்சர் அந்தப் பொத்தானை அணைத்தார். பாடத்தை முதலிலிருந்து ஓடவிட்டார்.

எப்படி இருக்கிறீர்கள் என்று குரல் கேட்டது.

பிறகு ஒன்றுமில்லை.

"நின்னு போச்சு" என்று தபீத்தாள் கையை நீட்டினாள். டீச்சர் செல்போனைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

கொஞ்சம் கழித்து, நலமாக இருக்கிறேன் என்றது குரல். உன் பேர் என்ன என்று கேட்டது. மறுபடியும் சத்தமில்லை. வெளியே ஒரு ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது. டீச்சர் தபீத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டயா கேக்காங்க?"

டீச்சர் தலையசைத்தார்.

அடுத்த கேள்வி வந்தது. தபீத்தாள் வாயெடுத்தாள். அதற்குள் குரல் முந்திக்கொண்டது. அதற்கடுத்த கேள்விக்கும் அதே கதைதான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாம் தெரியும் டீச்சர். எத்தன தடவ கேட்டிருப்பேன். வாயிலதான் வர மாட்டேக்கு."

டீச்சர் பாடத்தை நிறுத்தினார். எழுந்து போய், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் மல்லாந்து படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கையை நீட்டினார்.

தபீத்தாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் படுத்திருக்கிற ஒருவர் கையை நீட்டினால் பக்கத்தில் போய் நிற்பது அவளுக்குப் பழக்கம். போய் நின்றாள்.

டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஜா வலதீ?"

தபீத்தாள் ஓரடி பின்வாங்கினாள். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். டீச்சர் விடவில்லை.

"வேண்டாம் டீச்சர்."

"ஜா வலதீ?"

தமிழ் தெரியாத ஒருவரைப் போலவே டீச்சர் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"ஐ..." என்று ஆரம்பித்து தபீத்தாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

டீச்சர் மூன்றாம் முறை கேட்கவில்லை. பதிலுக்காகக் காத்துக் கிடந்தார். பக்கத்து அறையில் பிள்ளைகள் ஓதி முடித்து எழுந்து போனார்கள். தபீத்தாள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஓடிவிடலாம் என்று தோன்றியது. நின்றாள்.

"லா" என்றாள் கடைசியில். இல்லை.

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. குனிந்து, பிடித்திருந்த கையின்மேல் தன் இன்னொரு கையை வைத்தாள்.

"லா, யா உம்மீ. அன ஹுனா."

இல்லை, அம்மா. நான் இங்கே இருக்கிறேன்.

டீச்சர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது எந்தப் பாடத்துல வருது, சிஸ்டர்?"

தபீத்தாள் யோசித்துப் பார்த்தாள்.

"தெரியல, டீச்சர்" என்றாள்.