நீலாயி குனியாத கதை

செடியும் கொடியும் காற்றும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட காலம் அது. குளிர்ந்த மலைச்சரிவில் மாதி என்றொருத்தி தோட்டம் போட்டிருந்தாள். அங்கேதான் நீலாயி என்ற பூச்செடி முளைத்தாள். டெல்ஃபினியம் என்று வாய்க்குள் நுழையாத பெயரை வைத்ததெல்லாம் பிற்பாடு வந்தவர்கள் செய்த வேலை!

அந்த மலையில் காற்று வைத்ததுதான் சட்டம். அது வரும்போது செடிகள் எல்லாம் தரைதொடக் குனிய வேண்டும். எல்லாம் குனிந்தன. நீலாயி மட்டும் ஆள் உயரத்துக்கு நீலப் பூக்களைச் சுமந்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"குனியடி!" என்றது காற்று.

"மாட்டேன். நீ பாட்டுக்குப் போ. உன் வழியையா மறித்தேன்?"

"அவ்வளவு திமிரா? நாளைக்கு வருவேன். குனியாவிட்டால் முறித்துப் போடுவேன்."

மாதி ஓடி வந்தாள். "கொஞ்சம் குனிந்துதான் தொலையேன் தாயி. உயிராவது மிஞ்சும்" என்று கெஞ்சினாள்.

"இத்தனை பூவையும் மண்ணில் புரட்டவா பூத்தேன், அக்கா?"

மாதிக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஒரு கோலை ஊன்றி, நீலாயியின் இடுப்பில் நார் போட்டு இறுக்கி ஒரே முடிச்சாகக் கட்டினாள். அங்கேதான் பிசகு. மறுநாள் காற்று மோதியதும் முடிச்சுக்குக் கீழே தண்டு அசையவில்லை. முடிச்சுக்கு மேலே மளுக்கென்று முறிந்தது. காற்று சிரித்துக்கொண்டே போய்விட்டது.

"ஐயோ, நானே கட்டி நானே கொன்றேனே!" என்று மாதி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அடித்தண்டிலிருந்து குரல் வந்தது. "அழாதே அக்கா. கத்தியை எடு. மிச்சத்தையும் அடியோடு அறு. காற்று முறித்த தண்டு எனக்கு வேண்டாம். வேர் இன்னும் என்னுடையதுதான்."

மாதி அறுத்தாள். எரு வைத்தாள், தண்ணீர் விட்டாள், புதுத் தளிரைத் தின்ன வந்த நத்தைகளைப் பொறுக்கி எறிந்தாள். இந்தத் தடவை சுற்றிலும் கோல் ஊன்றி, வளர வளரக் கழுத்துவரை தளர்வாகக் கட்டிக்கொண்டே வந்தாள்.

பருவம் முடிவதற்குள் காற்று திரும்பி வந்தது. பார்த்தால், நீலாயி!

"உன்னைத்தான் கொன்றேனே!"

"கொன்றாய். பூத்திருக்கிறேன்."

காற்று மூச்சு வாங்கும்வரை அடித்தது. நீலாயி ஆடினாள், குனியவில்லை.

"கோலைப் பிடித்து நிற்கிறவளுக்கு வாயைப் பார்!"

"ஆமாம், எனக்குக் கோல் ஊன்ற ஒருத்தி இருக்கிறாள். உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்றாள் நீலாயி.

காற்று மலையைத் தாண்டிப் போய்விட்டது. அன்றிலிருந்துதான் டெல்ஃபினியத்துக்குக் கோல் ஊன்றிக் கழுத்துவரை தளர்வாகக் கட்டுகிறோம்; முதல் பூ முடிந்ததும் அடியோடு அறுத்துவிட்டாலும், அதே பருவத்தில் அது இன்னொரு முறை பூத்துக் காட்டுகிறது.