ஆயாவின் முட்டிக்கு எந்த ஊசி?

ஆஸ்பத்திரியில் நாலு மாடி ஏறி இறங்கியே முட்டி ஜவ்வு தேய்ந்துபோன ஆயா சொர்ணக்கிளியை, அதே ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் நிற்கவைத்தே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். நாற்காலி பக்கத்திலேதான் இருந்தது. உட்காரச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

"ஸ்டீராய்டு ஊசி, ஜெல் ஊசி, உன் ரத்தத்துலேருந்தே எடுத்துப் போடுற ஊசி. எது வேணும்னு நீயே சொல்லு. இல்லைன்னா மாடி வேலைக்கு வேற ஆள் பாத்துக்கிறோம்."

"எது நல்லா கேக்கும், சார்?"

"முதல் ஊசி சீக்கிரம் கேக்கும், ஆனா நிலைக்காது. ஜெல் ஆளைப் பொறுத்தது. ரத்த ஊசியை ஒரு ஆய்வு நல்லதுங்குது, இன்னொண்ணு இல்லைங்குது. ஆனாலும் பாத்தோம்னா..."

பேச்சு முடிகிற வழியாக இல்லை. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எதைப் போட? சொல்லித் தொலை."

"உங்க பேச்சு ஜவ்வா இழுக்குதே சார், அதுலேருந்து கொஞ்சம் எடுத்து என் முட்டியில போடுங்க."