வாசலில் கிடந்த செருப்புகள்

மருந்துக்கடை மாடியில் ஷாகிரா டீச்சர் சனிக்கிழமை மாலைகளில் வகுப்பு எடுப்பார். படம் வரையச் சொல்லித் தருகிற வகுப்பு இல்லை, படம் பார்க்கச் சொல்லித் தருகிற வகுப்பு. இதற்கெல்லாம் ஒரு வகுப்பா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படிக் கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தவன்தான்.

டீச்சருக்கு முப்பத்தி மூன்று வயது. அவருடைய முதல் மாணவியான அஞ்சலாட்சி அக்காவுக்கு நாற்பத்தி நாலு. அதனால் குரு சிஷ்யையை "அக்கா" என்பார், சிஷ்யை குருவை "டீச்சர்" என்பார். எங்கள் யாருக்கும் அது வித்தியாசமாகப் பட்டதில்லை.

அஞ்சலாட்சி அக்கா ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு மழை நாளில் மாத்திரை வாங்க வந்தவர், மாடிப்படிக்குக் கீழே செருப்புகள் கிடப்பதைப் பார்த்து, மேலே என்னவோ நடக்கிறதே என்று ஏறிவந்தார். அன்றைக்கு ஏறியவர்தான். அப்புறம் கலை நிர்வாகம் என்று ஒரு படிப்பில் தபால் வழியாகச் சேர்ந்தார். கடைசி வருடம் வந்ததும் ஜவுளிக்கடை வேலையையும் விட்டார். வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகப் பேசவில்லை.

படிப்பில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஏதாவது ஒரு கேலரியில், இல்லாவிட்டால் ஓவியத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு அமைப்பில் இன்டர்ன்ஷிப் செய்து கையெழுத்து வாங்கிவர வேண்டும். மார்ச் மாதத்துக்குள் சேராவிட்டால் அந்த வருடம் போச்சு. விட்ட வேலையும் போச்சு.

அதே சமயம் அவருடைய மகளும் இன்டர்ன்ஷிப் தேடிக்கொண்டிருந்தாள், கம்ப்யூட்டர் கம்பெனியில். மகளுக்கு இரண்டு போனில் கிடைத்துவிட்டது. அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. சொன்னால் சிரிப்பு வரும். அக்காவுக்கு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், ஒன்னு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"கேலரிக்குள்ள எப்படிப் போறது?"

"கதவு வழியாத்தான்."

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டோம்.

"வெளயாடாதீங்க டீச்சர். சென்னை, கொச்சி, பெங்களூரு, ஒரு எடம் விடாம மெயில் போட்டுட்டேன். பாதிப் பேர் பதிலே போடல. நம்ம ஊர்ல வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்குதே வெள்ளைச்சுவர் கேலரி, அங்க மூணு மெயில் போட்டு போனும் பண்ணேன். எடுத்தவங்க என்னா கேட்டாங்க தெரியுமா? உங்க பொண்ணுக்காக கேக்கறீங்களான்னு."

"என்ன சொன்னீங்க?"

"வெச்சிட்டேன்."

டீச்சர் கரும்பலகையைத் துடைத்தபடியே கேட்டார்.

"அங்க இப்ப என்ன படம் மாட்டியிருக்காங்க?"

"தெரியாது."

"போய்ப் பாக்கலையா?"

"கூப்புடாத வீட்டுக்குள்ள எப்படிப் போறது டீச்சர்?"

"கேலரி தெறந்திருக்கற நேரம் யார் வேணா போலாம். டிக்கெட் கூடக் கெடையாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். பரீட்சையில அதைப் பத்தி நாலு பக்கம் எழுதியிருக்கேன். ஆனா கால் வரல."

"அப்ப கால் வர்ற வரைக்கும் வேலை கேக்க வேணாம். போய் ஒரே ஒரு படத்த மட்டும் பாத்துட்டு வாங்க."

மார்ச்சுக்கு அதிக நாள் இல்லை. அக்காவின் முகத்தில் ஏமாற்றம் அப்படியே தெரிந்தது. இருந்தாலும் சரி என்று தலையாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை வந்ததும் வராததுமாக டீச்சர் கேட்டார்.

"எந்தப் படம் பாத்தீங்க?"

"ஒன்னும் பாக்கல டீச்சர். வாசல் வரைக்கும் போனேன். பெரிய கண்ணாடிக் கதவு. உள்ள ஏசி. தூரத்துல ஒரு அம்மா கம்ப்யூட்டரைப் பாத்துட்டு ஒக்காந்திருந்தாங்க. கண்ணாடியில என் மூஞ்சி தெரிஞ்சுது. அப்படியே திரும்பி எதிர்த்தாப்புல இருக்கற மரத்தடியில போய் ஒக்காந்துட்டேன்."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தி நாலு வயதில் ஒரு கதவைத் தள்ள முடியவில்லையே என்று தன் மேலேயே அவருக்குக் கோபம்.

"சரி. வாசல் பாத்தாச்சு. வாசல்ல என்ன நடந்துது?"

"என்னா நடக்கும்?"

"மரத்தடியில சும்மாவா ஒக்காந்திருந்தீங்க?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். யோசிக்க யோசிக்கக் குரல் மாறியது.

"ஆளுங்க வர்றாங்க டீச்சர். யாரும் வரலன்னு சொல்ல முடியாது. பூக்காரம்மா ஒருத்தி, புள்ளயத் தூக்கிக்கிட்டு ஒரு புருஷன் பொண்டாட்டி, காலேஜ் பசங்க. கதவு கிட்ட வராங்க, உள்ள பாக்கறாங்க. அப்புறம் குனிஞ்சி கால பாக்கறாங்க. போயிடறாங்க."

"காலையா?"

"செருப்பக் கழட்டணுமா வேணாமான்னு தெரியல. போட்டுட்டுப் போனா யாராச்சும் சத்தம் போடுவாங்களோ, கழட்டிட்டுப் போனா சிரிப்பாங்களோன்னு ஒரு நிமிஷம் நிக்கறாங்க. யாரும் வந்து சொல்லவும் இல்ல. அவ்ளோதான், திரும்பிடறாங்க. நானும் அதத்தான் பண்ணேன்னு அவங்களப் பாத்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது."

"கழட்டணுமா, வேணாமா?"

"தெரியலையே டீச்சர்."

"உங்க வீட்டுல என்ன வழக்கம்?"

"வீட்டுக்குள்ள யாரு செருப்போட போவாங்க?"

"அப்ப அதையே செய்யுங்க."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு அன்றைய பாடத்துக்குப் போய்விட்டார். எனக்குக்கூடக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. இந்த டீச்சர் தனக்குத் தெரிந்த நாலு கேலரிக்காரர்களுக்கு ஒரு போன் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

இனி நடந்தது அக்கா எங்களிடம் சொன்னது. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா கேலரி வாசலில் செருப்பைக் கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, கதவைத் தள்ளினார். கதவு லேசாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். தரை குளுகுளுவென்று இருந்தது. வெறுங்காலோடு நின்றதும் பயம் பாதி போய்விட்டது என்றார் அக்கா. யார் வீட்டுக்கோ வந்த மாதிரி இருந்ததாம்.

கோடிச் சுவரில் ஒரு பெரிய படம். மொட்டைமாடிக் கொடியில் துணிகள் காய்கின்றன. போர்வை, வேட்டி, பாவாடை எல்லாம் சாம்பல் நிறம். ஒரு போர்வைக்குக் கீழே மட்டும் இரண்டு பாதங்கள் தெரிகின்றன. யாரோ பின்னால் நிற்கிறார்கள். முகம் இல்லை. அக்கா எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஒரு புருஷன், பொண்டாட்டி, கையில் ஒரு பெண் குழந்தை. வெளியே ஒரு ஜோடி செருப்பைப் பார்த்திருக்கிறார்கள். சரி, கழற்றிவிட்டுப் போகலாம்போல என்று கழற்றிவிட்டு வந்திருக்கிறார்கள்.

இறக்கிவிட்டதும் குழந்தை நேராகப் பெரிய படத்துக்கு ஓடியது.

"இது நம்ம மாடி" என்றது.

"அப்படியா? போர்வைக்குப் பின்னால யாரு நிக்கறாங்க?" என்று கேட்டார் அக்கா.

"அம்மா."

"அம்மா இல்லடி, பாட்டி காலு மாதிரி இருக்குது" என்றாள் குழந்தையின் அம்மா.

புருஷனுக்கு அது ஆம்பிளைக் கால் என்று பட்டது. மூன்று பேரும் படத்தின் முன்னால் நின்று ஒரு சண்டையே போட்டார்கள். அக்கா எது சரி என்று சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் டீச்சரும் சொல்ல மாட்டார். "எத வெச்சு சொல்றீங்க?" என்று மட்டும் அக்கா கேட்டார். அவர்கள் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்கள்.

அவர்கள் இருக்கும்போதே காலேஜ் பசங்க வந்தார்கள். பூக்காரம்மா வந்தார். மீன்காரப் பெண் ஒருத்தி கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்து, "எந்த வீட்டுல இவ்ளோ துணி தோய்க்கறாங்க, தண்ணி வருதா அங்க?" என்று கேட்டாள். வெளியே செருப்பு கூடக் கூட, தெருவில் போகிறவர்கள் அங்கே என்ன விசேஷம் என்று நின்றார்கள். நின்றவர்களில் பாதிப் பேர் உள்ளே வந்தார்கள். மத்தியானத்துக்குள் வாசலில் கல்யாண வீடு மாதிரி செருப்புக் குவியல்.

மீன் வாசனையும் உள்ளே வந்தது. கம்ப்யூட்டர் அம்மா எழுந்துவிட்டார். அவர்தான் கேலரியின் சொந்தக்காரி பெர்னதெத். கதவைத் திறந்து குவியலைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். திரும்பி உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"செருப்பக் கழட்டச் சொன்னது யாரு?"

மீன்காரப் பெண் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தாள். அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"யாரும் சொல்லலீங்க. முதல்ல கழட்டுனது நான்தான். என்னைப் பாத்துதான் அவங்க கழட்டுனாங்க. தப்புன்னா என்னைச் சொல்லுங்க."

பெர்னதெத் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்டு வருஷமா கேலரி நடத்தறேன். தெறப்பு விழாவுக்கு வர்றவங்க டீயக் குடிச்சிட்டு அவங்களுக்குள்ள பேசிட்டுப் போயிடுவாங்க. இந்தத் தெருவுல இருக்கறவங்க ஒருத்தரும் உள்ள வந்ததில்ல. இவங்களுக்குப் படத்துல ஆசை இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன்." பிறகு அக்காவைக் கேட்டார். "நீங்க யாரு?"

"இன்டர்ன்ஷிப் கேட்டு உங்களுக்கு மூணு மெயில் போட்டவ. போன்ல பேசறப்ப, பொண்ணுக்கான்னு கேட்டீங்க. பொண்ணுக்கு இல்லீங்க. எனக்குத்தான்."

அதைச் சொல்லும்போது குரல் நடுங்கவே இல்லை என்று அக்கா எங்களிடம் இரண்டு தடவை சொன்னார். சொல்லட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம்.

பெர்னதெத்துக்கு முகம் சிவந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு, "திங்கக்கெழம வாங்க" என்றார். "ஒரு வாரம் பாப்போம். இன்னிக்கு வந்த மாதிரி ஜனங்க வந்தா உங்களை இன்டர்னா எடுத்துக்கறேன். வரலைன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது. சும்மா ஒக்கார வெக்க எனக்கு ஆள் தேவையில்ல."

சனிக்கிழமை அக்கா இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நாங்கள் கை தட்டினோம். மருந்துக்கடைக்காரர் கீழேயிருந்து என்ன சத்தம் என்று கேட்டார். டீச்சரும் சிரித்தார். அக்கா மட்டும் பையின் காதை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் என்னக்கா?"

"பயமா இருக்குது டீச்சர்."

"உள்ள போறதுக்கா?"

"சேச்சே. அதெல்லாம் போச்சு. இப்ப அந்தக் கதவ நான் ஒரு கையால தள்ளுவேன். பேசறதுக்கும் பயமில்ல, யார் வந்தாலும் படத்துக்கு முன்னால நிக்க வெச்சிடுவேன். ஆனா அன்னிக்கு ஏதோ நல்ல நேரம், அந்தப் புள்ளக்காரங்க வந்தாங்க. அவங்களப் பாத்து அடுத்தவங்க வந்தாங்க. திங்கக்கெழம வாசல்ல என் செருப்பு மட்டும் கெடந்து, யாரும் வரலைன்னா? ஒத்தச் செருப்பு ஜோடியப் பாத்தா வேலைக்காரங்களுதுன்னு நெனச்சிட்டுப் போயிடுவாங்க. ஒரு வாரம்தான் குடுத்திருக்காங்க. முதல் ஆள் வர வரைக்கும் நான் என்னா பண்றது?"

டீச்சர் ஜன்னல் கதவுகளைச் சாத்தினார். வகுப்பு முடிந்தால் அவர் முதலில் செய்வது அதுதான். பிறகு அக்காவின் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க இங்க முதமுதல்ல வந்தீங்களே, அன்னிக்கு எதுக்கு மேல ஏறினீங்க?"

"அதான் சொல்லியிருக்கேனே டீச்சர். படிக்குக் கீழ செருப்பு கெடந்துது. நாலு பேரு மேல இருக்காங்க, நாமளும் போனா ஒன்னும் சொல்ல மாட்டாங்கன்னு ஒரு தைரியத்துல ஏறினேன்."

"எத்தனை ஜோடி?"

"நாலு. நல்லா ஞாபகம் இருக்குது. ஒன்னு செவப்பு வார் வெச்சது, வாரு அந்து போயி ஊக்கு குத்தியிருந்துது."

"மேல வந்தப்ப எத்தனை பேர் இருந்தாங்க?"

"நீங்க இருந்தீங்க. போர்டுல ஏதோ எழுதிட்டிருந்தீங்க. வாங்கக்கான்னு கூப்பிட்டீங்க. அப்புறம்..."

அக்கா பேச்சை நிறுத்தினார். நாங்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் வந்த அன்றும் கீழே செருப்புகள் கிடந்தன. ஒன்றில் ஊக்கு குத்தியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நானும் ஏறினேன்.

"வேற யாரும் இல்லையே டீச்சர்" என்றார் அக்கா. "அன்னிக்கு நானும் நீங்களும்தானே இருந்தோம். அந்த நாலு ஜோடி யாருது?"

"நாலும் என்னோடதுதான்க்கா" என்றார் டீச்சர்.