மணியக்காரர் பிடித்த துடைப்பக்கட்டை

ஒரு சத்திரத்தில் எந்தப் பொருளுமே தேயாதாம். அதன் மணியக்காரர் வைத்தியலிங்கம் தர்மகர்த்தாவிடம் அப்படித்தான் அளந்து வைத்திருந்தார். ஒருநாள் தர்மகர்த்தா திடீரென்று நேரில் வந்து நின்றார். கல் முற்றம் பெருக்கும் காத்தாயியின் கையில் சாண் நீளத் துடைப்பக்கட்டை.

"இது தேயலையா?" என்று கேட்டார் தர்மகர்த்தா.

"தேயறதாவது! இவ ஒடிச்சு அடுப்புல வச்சிருப்பா" என்ற மணியக்காரர், காத்தாயி பக்கம் திரும்பினார். "ஏய், புது ஈர்க்கு ஒண்ணுகூடச் சேர்க்காம இதைப் பழைய நீளத்துக்குக் கொண்டு வா. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

காத்தாயி கயிற்றை அவிழ்த்தாள். ஈர்க்குகளை வரிசைப்படுத்தி இறுக்கிக் கட்டி, அடிப்பக்கத்தைக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"கட்டு சரியாயிடுச்சுங்க. குறைஞ்ச நீளம் முழுக்கத் தூளா இந்த முற்றத்துலதான் கிடக்கு. யாராவது கூட்டி அள்ளிக் குடுத்தா சேர்த்துக் கட்டிடறேன்."

"பச்சைப் பொய்! நானே கூட்டிக் காட்டறேன், ஒரு துரும்பு கிடைக்குதான்னு பாருங்க!" என்று மணியக்காரர் அதைப் பிடுங்கினார்.

தலை தரையைத் தொடுமளவு குனிந்து பரபரவென்று தேய்த்தார். தூசி இருந்த இடத்திலேயே இருந்தது. இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

"சே! இந்தக் கட்டையை வச்சுக்கிட்டு மனுஷன் கூட்டுவானா? நல்ல துடைப்பமா ஒண்ணு கொண்டு வா!" என்று அலறினார்.

காத்தாயி தர்மகர்த்தாவைப் பார்த்தாள்.

"ஆறு மாசமா நானும் இதையேதான் கேக்கறேன் சாமி. என்னால இவ்வளவு சத்தமாக் கேக்க முடியலை."