கொழுக்கட்டைப் புல் கேட்ட ருசி

தண்ணீர் லாரி வரத் தாமதமானது. அரை டேங்க்தான் வருகிறதென்று தெரிந்ததிலிருந்து வரிசையின் பின்பக்கத்தில் நின்றவர்களுக்குத் தங்கள் முறை வருமுன் தீர்ந்துவிடுமோ என்று கவலை. மந்திரமூர்த்தி அண்ணாச்சிக்கு அந்தக் கவலை கிடையாது. அவருடைய எட்டுக் குடங்களும் முதலில் இருந்தன. அவர் தன் தோட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரோசாச்செடியெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு, ஓடைக்கரையில கெடந்த கொழுக்கட்டைப் புல்லைக் கொண்டாந்து வச்சேன். சித்திரையிலருந்து சொட்டுத் தண்ணி விடலை. இப்ப இடுப்பு உசரம். ஒவ்வொரு கதிரும் அணில் வாலு மாதிரி."

"வாஸ்தவம், நானும் பாத்தேன்" என்றார் டெய்லர் அருமைநாயகம்.

அண்ணாச்சி அதோடு விட்டிருக்கலாம்.

"ஒரு நாள் மனசு கேக்காம ஒரு செம்பு ஊத்துனேன். வேணாம்னு தலையைச் சிலுப்பிருச்சு. என் வேட்டிதான் நனைஞ்சுது."

"இப்பத்தான் சொட்டு விடலைன்னீக?" கடைசியில் இரண்டு குடங்களோடு நின்ற செண்பகவல்லி கேட்டாள்.

"விட்டாலும் அது குடிக்கலையே தாயி! வேரைக் கேளு. பக்கத்துத் தெருவுல நானூறு அடிக்குப் போர் போட்டாங்கல்லா? கம்பியில சுத்திக்கிட்டு வந்தது என் புல்லோட வேரு. தண்ணி எத்தனை அடியிலன்னு புல்லுகிட்ட கேட்டுச் சொல்லச் சொல்லி போர்க்காரன் என் வாசல்ல நிக்கான்."

"சொல்லுச்சா?"

"'எனக்கென்ன தெரியும், நான் தண்ணிக்கா எறங்குனேன்? சும்மா காலாறப் போனேன்'னுட்டுது."

இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணாச்சிக்கு அது போதுமானதாக இருந்தது.

"போன வாரம் கருமேகம் ஒண்ணு எங்க வீட்டுக்கு மேல வந்து, 'பெய்யட்டா?'ன்னு கேட்டுது. புல்லு கதிரை ஆட்டி, 'இங்க வேணாம், எட்டயபுரம் பக்கம் போ'ன்னு அனுப்பிட்டுது. அன்னைக்கு அங்க நல்ல மழை. விசாரிச்சுப் பாருங்க."

சிரிப்பு நின்றது.

"அப்ப நமக்கு வரவேண்டிய மழையைத் திருப்பி விட்டது உங்க வீட்டுப் புல்லுதானா?" என்றார் அருமைநாயகம்.

"அதுக்குத்தான் ஈடு கட்டிருதுல்லா!" அண்ணாச்சி அவசரமாகச் சொன்னார். "விடியக்காலம் ஒரு உலுக்கு உலுக்குனா பனித்தண்ணி அண்டா நெறையுது. குளிக்க, பொங்க, துவைக்க எல்லாம் அதான்."

தெருமுனையில் லாரி திரும்பும் சத்தம் கேட்டது. செண்பகவல்லி முன்னால் வந்தாள்.

"அப்ப இந்த எட்டுக் குடம் எதுக்கு?"

அண்ணாச்சி குடங்களைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார்.

"புல்லுக்கு ஒரு ஆசை. லாரித் தண்ணி எப்படி இருக்கும்னு ருசி பாக்கணுமாம்."

அவள் எட்டுக் குடங்களையும் இரண்டிரண்டாகத் தூக்கிப்போய் வரிசையின் கடைசியில் வைத்தாள். அருமைநாயகம் காப்பி குடித்து முடித்திருந்த டம்ளரை வாங்கி, முதல் இடத்தில் வைத்தாள்.

"ருசி பாக்க இது போதும் அண்ணாச்சி."