எழுதமாட்டேன் என்று சொன்ன நர்ஸ்

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே கவனமாகக் கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு. தெற்கே ஒரு துறைமுக ஊரில், உப்பளத் தொழிலாளர் பிள்ளைகள் படித்த நகரசபைப் பள்ளிக்கூடத்துக்கு அன்னரத்தினம் என்ற நர்ஸ் வந்து சேர்ந்தாள். பிள்ளைகளின் கண், காது, பல், தோல் எல்லாவற்றையும் பார்த்து ஆளுக்கொரு அட்டையில் எழுதவேண்டும். அட்டையைப் பார்த்து டாக்டர் மருந்து கொடுப்பார். ஆனால் பிள்ளைகளின் ரத்தத்தை எடுக்க வந்தவள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வீடுவீடாக நடந்து, தாய்மாரோடு பேசிப் பேசி அவர்களை இணங்கவைக்க அவளுக்கு எட்டு மாதம் ஆயிற்று.

கடைசியாக வந்தவள் மூக்கம்மாள். எட்டு வயது மகள் பூரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"எம்புள்ளையப் பாருங்க. ஆனா என்ன இருந்தாலும் அட்டையில எழுதிராதீய நர்சம்மா. மூத்தவளுக்குத் தையில கல்யாணம்."

வந்தவள் திரும்பிவிடக் கூடாதே என்ற அவசரத்தில் அன்னரத்தினம், "எழுதமாட்டேன், பயப்படாதே" என்றாள்.

சட்டையைக் கழற்றியதும் சிறுமியின் தோளில் வெளுத்த படை ஒன்று தெரிந்தது. அதில் குண்டூசியால் குத்தினாள்.

"இன்னும் தொடலையா?" என்று கேட்டாள் பூரணம்.

பெருவியாதியின், அதாவது தொழுநோயின், தொடக்கம். இப்போதே நீரடிமுத்து எண்ணெய் ஊசி போட்டால் முற்றாமல் தடுக்க வழியுண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அட்டையில் எழுதாமல் அந்த ஊசி கிடைக்காது. இரண்டு நாள் அன்னரத்தினம் அட்டையை எழுதாமல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் எழுதினாள். அட்டையை உறையில் போட்டு ஒட்டி, மேலே 'டாக்டருக்கு மட்டும்' என்று குறித்து அனுப்பினாள்.

பள்ளித் தபாலெல்லாம் தலைமையாசிரியர் கோமதிநாயகத்தின் கை வழியாகத்தான் போகும். அவர் உறையைப் பிரித்தார். அறுபது பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும் இடம் அது. தொற்றுநோய் உள்ள பிள்ளையை நிறுத்திவைக்க அவருக்கு அதிகாரமும் இருந்தது. மறுநாள் காலைப் பிரார்த்தனை முடிந்ததும், பூரணத்தின் பெயரையும் நோயின் பெயரையும் எல்லார் முன்னிலும் சொல்லி, "சிலேட்டை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றார்.

தை பிறக்குமுன் கல்யாணம் நின்றது. மூக்கம்மாள் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனாள். பூரணத்துக்கு ஓர் ஊசிகூடப் போடவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு அறுபதில் நான்கு பிள்ளைகளே வந்தார்கள். வராதவர்களில் ஒருத்தி இசக்கி. அவள் காதில் சீழ் வடிவதைத் தாய் துணி சுற்றி மறைத்தாள். சீழ் மூளைக்கு ஏறி, மாசியில் பிள்ளை இறந்தது. அன்னரத்தினம் போய்க் கதவைத் தட்டினாள். தாய் திறக்கவில்லை.

"இனிமே எழுதுறதுக்கு என்ன இருக்கு? போயிருங்க."

மறைக்கச் சொன்ன மூக்கம்மாள், வாக்கை மீறி எழுதிய அன்னரத்தினம், பள்ளியைக் காப்பதாக நினைத்துப் பெயரைச் சொன்ன கோமதிநாயகம். இசக்கியின் சாவுக்கு இவர்களில் யார் பொறுப்பு?

விடை: கோமதிநாயகம். பூரணத்தை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டு. தமக்கு வராத உறையைப் பிரிக்கவும் நோயைக் கூட்டத்தில் சொல்லவும் இல்லை. மூக்கம்மாள் பயந்தது அப்படியே நடந்தபிறகு அவளைக் குறை சொல்ல வாயில்லை. அன்னரத்தினம் எழுதியது சரி. பார்க்குமுன்பே வாக்குக் கொடுத்ததுதான் பிழை. நகரசபையும் இதை விசாரித்தது. கோமதிநாயகத்துக்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கிடைத்தது. அன்னரத்தினம் உப்பளத் தொழிலாளர் தெருவில் முதல் வீட்டிலிருந்து மறுபடி கதவைத் தட்டத் தொடங்கினாள்.